‘சொல்லியிருக்கணும்’: இங்கிலீஷ்ல இது ஷுட் ஹேவா, மஸ்ட் ஹேவா?

(எபிசோடோட எடிட் செஞ்ச எழுத்து வடிவம் இது. பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம். ஒரு சின்ன குறிப்பு: கீழ ‘குட்’னு வர்றதெல்லாம் ‘கேன்’ங்கிற வார்த்தையோட இன்னொரு வடிவம். குட் மார்னிங்ல வர்ற குட் இல்ல.)

ஒரு ஆபீஸ் மெயில்ல வர்ற லைன் ஒண்ணு சொல்றேன், கேளுங்க.

“தி டீம் மஸ்ட் ஹேவ் இன்ஃபார்ம்டு தி கிளையன்ட்.”

சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ உக்காந்து இதை எழுதினவர் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு டக்குனு புரியும். “டீம் கிளையன்ட்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டாங்க.” செம கடுப்புல எழுதியிருக்கார். ஆனா இதே லைனை சிகாகோல இருக்கிற மேனேஜர் படிச்சா அவருக்குக் கிடைக்கிற அர்த்தம் வேற. “டீம் கிளையன்ட்கிட்ட சொல்லியிருப்பாங்க.” அப்பாடா, வேலை முடிஞ்சுதுன்னு மெயிலை மூடிட்டுப் போயிடுவார். எழுதினவர் எழுதினது புகார், படிச்சவருக்குப் போய்ச் சேர்ந்தது நல்ல செய்தி. கிளையன்ட்கிட்ட கடைசி வரைக்கும் யாரும் சொல்லல!

எழுதினவருக்கு இங்கிலீஷ் வராதுன்னு அர்த்தம் இல்ல. அவர் தமிழ்ல சரியா யோசிச்சு, அதை அப்படியே மாத்தியிருக்கார். சிக்கல் நம்ம ‘-ணும்’ல இருக்கு. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான். அட்வைஸ் சொல்றதுக்கும், நடந்து முடிஞ்சதை நெனச்சு வருத்தப்படறதுக்கும் இங்கிலீஷ்ல இருக்கிற மோடல் வெர்ப்ஸ். ஷுட், குட், மஸ்ட், ஹேட் பெட்டர் கோஷ்டி.

ஆசையும் கடனும்

‘போகணும்’ங்கிறது ‘போக வேணும்’தான், சுருங்கியிருக்கு. ‘எனக்கு காபி வேணும்’ல வர்ற அதே வேணும். அதனால நம்ம ‘-ணும்’ல ஆசையும் இருக்கு, கட்டாயமும் இருக்கு. “இந்த வீக்கெண்ட் பாண்டிச்சேரி போகணும்”னா ஆசை. “நாளைக்கு ரேஷன் கடைக்குப் போகணும்”னா வேலை. “நீ ஒரு டாக்டரைப் பாக்கணும்”னா அட்வைஸ். ஒரே வால், மூணு மாடு.

இங்கிலீஷ்ல ‘ஷுட்’ எங்கிருந்து வருதுன்னு பாத்தா அது ‘ஷால்’ங்கிற வார்த்தையோட பழைய இறந்தகால வடிவம். பழைய இங்கிலீஷ்ல அந்த ஷாலுக்கு ‘கடன்பட்டிருக்கேன்’னு ஒரு அர்த்தம் இருந்தது. ‘ஆட் டு’வும் அதே கதைதான். கடன்பட்டிருக்கிறதைச் சொல்ற ‘ஓ’ங்கிற வெர்ப்போட பழைய இறந்தகால வடிவம். ஆக, ரெண்டுமே கடன் வார்த்தைகள்.

இது நமக்குப் புதுசும் இல்ல. தமிழ்லயும் ‘கடன்’னா பேங்க்ல வாங்கற கடனும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். ‘காலைக்கடன்’னு சொல்றோமே, அதுல எந்த பேங்க் வந்தது? ‘நன்றிக்கடன்’ல எந்த வட்டி? ‘நீ செய்யணும்’ங்கிறதை நாம ‘வேணும்’ல இருந்து செஞ்சோம், அவங்க கடன்ல இருந்து செஞ்சாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசில மறுபடி தேவைப்படும்.

ஒரே டாக்டர், ஆறு விதமான அட்வைஸ்

ஃப்ரெண்டுக்கு ஒரு வாரமா இருமல். டாக்டரைப் பார்க்கச் சொல்லணும். லேசான அட்வைஸ்ல இருந்து கடுமையான அட்வைஸ் வரைக்கும் படி ஏறலாம்.

முதல் படி, “டாக்டரைப் பாக்கலாம்.” அதாவது, அப்படியும் ஒரு வழி இருக்கு. இங்கிலீஷ்ல “யூ குட் ஸீ எ டாக்டர்.”

ரெண்டாவது, “ஒரு டாக்டரைப் பாரேன்.” இது “யூ மைட் வான்ட் டு ஸீ எ டாக்டர்.”

மூணாவது, “நானா இருந்தா டாக்டரைப் பாத்துடுவேன்.” இது “இஃப் ஐ வேர் யூ, ஐட் ஸீ எ டாக்டர்.”

நாலாவது, “டாக்டரைப் பாரு, அதான் நல்லது.” இது “யூ ஷுட் ஸீ எ டாக்டர்.” ஆட் டுவும் இங்கதான் உக்காரும். அர்த்தத்துல பெரிய வித்தியாசம் இல்ல, பேச்சுல ஷுட்தான் அதிகம் வரும்.

அஞ்சாவது, “ஒழுங்கா போய் டாக்டரைப் பாத்துடு, இல்லன்னா அப்புறம் கஷ்டம்.” இது “யூ ஹேட் பெட்டர் ஸீ எ டாக்டர்.”

ஆறாவது, “பாத்தே ஆகணும்.” இது “யூ மஸ்ட் ஸீ எ டாக்டர்”, இல்லன்னா “யூ ஹேவ் டு.”

இதுல நாம வழுக்கி விழற படிகள் ரெண்டு. முதல்ல அஞ்சாவது. ‘பெட்டர்’னு ஒரு நல்ல வார்த்தை இருக்கிறதால, ஹேட் பெட்டர் ரொம்ப பணிவான சஜஷன்னு நாம நெனச்சுக்கறோம். அதுக்குள்ள ஒரு ‘இல்லன்னா’ ஒளிஞ்சிருக்கு. “யூ ஹேட் பெட்டர் சென்ட் தி ஃபைல் டுடே”ன்னு கிளையன்டுக்கு எழுதினா, “இன்னிக்கு ஃபைலை அனுப்பிடுங்க, இல்லன்னா நடக்கறதே வேற”ங்கிற மாதிரி போய் விழும். அம்மா பிள்ளைக்குச் சொல்லலாம், நெருங்கின ஃப்ரெண்டு ஃப்ரெண்டுக்குச் சொல்லலாம். நமக்கு நாமே சொல்லிக்கறதும் சகஜம். “ஐட் பெட்டர் கோ”ன்னா “சரி, நான் கிளம்பறேன், லேட்டாகுது.” ஆனா சம்பளம் தர்றவர்கிட்ட வேண்டாம். இதுக்கு அப்புறம் ‘டு’வும் வராது.

அடுத்தது ரெண்டாவது படி. இங்க சறுக்கல் நேர் எதிர் திசைல. அமெரிக்க டீம்ல ஒருத்தர் உங்க கோட் ரிவ்யூல “யூ மைட் வான்ட் டு ஆட் எ டெஸ்ட் ஹியர்”னு எழுதறார். வார்த்தைக்கு வார்த்தை பாத்தா “உங்களுக்கு விருப்பம் இருக்கலாம்.” எனக்கு விருப்பம் இல்லையேன்னு அப்படியே மெர்ஜ் பண்ணிடாதீங்க! ரிவ்யூ பண்றவர் இதைச் சொன்னா பெரும்பாலும் “டெஸ்ட் எழுதுங்க”ன்னுதான் அர்த்தம். மரியாதைக்காகச் சுத்தி வளைச்சுச் சொல்றார். நம்ம ஊர் பெரியவங்க “கொஞ்சம் தள்ளி உக்காந்தா நல்லா இருக்கும்”னு சொன்னா, நாம அதை ஆப்ஷனாவா எடுத்துக்கறோம்?

மஸ்ட்லயும் ஒரு கூத்து இருக்கு. “யூ மஸ்ட் ட்ரை திஸ் பிரியாணி”ல கட்டாயம் எதுவும் இல்ல, அது அன்பு. சாப்பாடு, படம், ஊருன்னு வரும்போது மஸ்ட் உபசரிப்பாயிடும். வேலை விஷயத்துல வந்தாத்தான் உத்தரவு.

ஷுட்டுக்கு எழுதி வெச்ச டெஃபனிஷன்

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. இன்டர்நெட் எப்படி இயங்கணும்னு சொல்ற டாக்குமென்டுகளுக்கு ஆர்எஃப்சின்னு பேர். 1997 மார்ச்ல ஸ்காட் பிராட்னர் எழுதின ஆர்எஃப்சி 2119 இருக்கே, அது மஸ்ட், ஷுட், மே இந்த மூணுக்கும் ஸ்பெசிஃபிகேஷன்ல என்ன அர்த்தம்னு வரையறுத்தது. மஸ்ட்னா செஞ்சே ஆகணும். மேன்னா உங்க இஷ்டம். நடுவுல இருக்கிற ஷுட்தான் அழகு. சரியான காரணம் இருந்தா செய்யாம விடலாம், ஆனா விட்டா என்ன ஆகும்னு முழுசா புரிஞ்சு, எடைபோட்டுப் பாத்துட்டு விடணும்.

நல்ல அட்வைஸும் இதுதான். கேக்கறவங்க கைல முடிவை விட்டுட்டு, அதோட எடையையும் சேத்துக் குடுக்கறது. 2017ல ஆர்எஃப்சி 8174ன்னு ஒண்ணு வந்து, இந்த அர்த்தம் எல்லாம் கேப்பிடல் எழுத்துல எழுதினா மட்டும்தான்னு தெளிவுபடுத்துச்சு. சின்ன எழுத்துல வர்ற ஷுட் சாதாரண இங்கிலீஷ் ஷுட். மனுஷங்க பேசறது சின்ன எழுத்துலதான், அதனால நமக்கு இன்னும் வேலை இருக்கு.

நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம்

இப்ப மெயின் விஷயம். மோடலுக்குப் பின்னாடி ‘ஹேவ்’ சேர்த்தா கதை இறந்தகாலத்துக்குப் போயிடும். முதல்ல தமிழ்ல ரெண்டு சீன் பாருங்க.

சீன் ஒண்ணு. வாசல்ல செருப்பு கிடக்கு, பைக் நிக்குது. “மாமா வந்திருக்கணும்.”

சீன் ரெண்டு. கல்யாணம் முடிஞ்சு போச்சு. “மாமா வந்திருக்கணும். சொந்தத் தாய்மாமனே வரலன்னா எப்படி?”

‘வந்திருக்கணும்’ ரெண்டு இடத்துலயும் ஒரு எழுத்து மாறல. ஆனா முதல் சீன்ல மாமா வந்தாச்சு, ரெண்டாவதுல மாமா வரவே இல்ல! சுத்தி இருக்கிற சூழ்நிலையை வெச்சு நாம புரிஞ்சுக்கறோம். இங்கிலீஷ்ல இது ரெண்டுக்கும் தனித்தனி வண்டி. முதல் சீன் “ஹி மஸ்ட் ஹேவ் கம்”, ரெண்டாவது “ஹி ஷுட் ஹேவ் கம்.”

எதைப் போடறதுன்னு குழப்பம் வந்தா ஒரு டெஸ்ட். தமிழ் வாக்கியத்துல ‘-ணும்’ எடுத்துட்டு ‘வந்திருப்பார்’னு போட்டுப் பாருங்க. அர்த்தம் மாறலன்னா மஸ்ட் ஹேவ். அதுக்குப் பதிலா வாக்கியத்தோட கடைசில “ஆனா வரல”ன்னு சேர்க்க முடிஞ்சா ஷுட் ஹேவ். முதல்ல பாத்த மெயிலுக்குப் போட்டுப் பாருங்க. “டீம் சொல்லியிருக்கணும், ஆனா சொல்லல.” அப்ப அது ஷுட் ஹேவ்.

ஒரு விதிவிலக்கு இருக்கு. “தி பார்சல் ஷுட் ஹேவ் ரீச்டு பை நவ்”னா “இந்நேரம் பார்சல் வந்திருக்கணுமே.” இதுல குத்தம் சொல்றதை விட எதிர்பார்ப்புதான் அதிகம். வந்திருந்தாலும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

நெகட்டிவ்ல இன்னும் உஷாரா இருக்கணும். “அவர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது”க்கு “ஷுடன்ட் ஹேவ் டோல்டு.” அதை “மஸ்ட் நாட் ஹேவ் டோல்டு”ன்னு எழுதினா “சொல்லியிருக்க மாட்டாங்க”ன்னு ஆயிடும்.

அடுத்து ‘குட் ஹேவ்’. இது நம்ம ‘-இருக்கலாம்’. “பஸ்ஸுக்குப் பதிலா ட்ரெயின்ல போயிருக்கலாம்”னா வழி இருந்தது, எடுக்கல. “அவன் ட்ரெயின்ல போயிருக்கலாம், எனக்குத் தெரியல”ன்னா ஒரு ஊகம். இங்கிலீஷ் குட் ஹேவும் இந்த ரெண்டு வேலையையும் செய்யும். ஊகம்தான்னு தெளிவா காட்டணும்னா மைட் ஹேவ் போட்டுடுங்க. மூணாவதா ஒரு வேலையும் உண்டு. “யூ குட் ஹேவ் டோல்டு மீ!” இது அப்படியே நம்ம “முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல!” அந்த ‘ல’வுல இருக்கிற செல்லக் கோபம் வரைக்கும் ஒண்ணுதான்.

‘நீடன்ட் ஹேவ்’ கொஞ்சம் பிரிட்டிஷ் வாடை. வீட்ல மாவு இருக்கிறது தெரியாம கடைல மாவு வாங்கிட்டு வந்துட்டீங்க. “யூ நீடன்ட் ஹேவ் பாட் இட்”, அதாவது வாங்கிட்டீங்க, ஆனா தேவைப்படல. “டிடின்ட் நீட் டு பை”ன்னா தேவை இருக்கலைன்னு மட்டும்தான் தெரியும். வாங்கினீங்களா இல்லையாங்கிறது அதுல இல்ல.

கிஃப்ட் குடுக்கும்போது ஒருத்தர் “ஓ, யூ ஷுடன்ட் ஹேவ்!”னு சொன்னா பயந்துடாதீங்க. அது “எதுக்கு இதெல்லாம்!”தான். வாங்கி வெச்சுக்குவாங்க.

கேக்கறதுக்கு ஒரு டிப். வேகமா பேசும்போது ஷுட் ஹேவ் ‘ஷுடவ்’னு சுருங்கும், இன்னும் சுருங்கினா ‘ஷுடா.’ அந்த ‘அவ்’ காதுல ‘ஆஃப்’ மாதிரி விழறதால, இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிறவங்களே ‘ஷுட் ஆஃப்’னு தப்பா எழுதுவாங்க. நீங்க எழுதும்போது ஹேவ்தான்.

ஷுட் ஹேவ் எப்ப நியாயம்?

இதுவரைக்கும் கிராமர். இனிமே சொல்றதுக்காகத்தான் இந்த எபிசோடே. ஷுட் ஹேவ்னு ஒருத்தரைச் சொல்றது, நீ கட்ட வேண்டிய கடனைக் கட்டலன்னு சொல்ற மாதிரி. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. அந்த நேரத்துல அவரால அதைச் செஞ்சிருக்க முடியுமா? குட் ஹேவ் உண்மையா இருந்தாத்தான் ஷுட் ஹேவ் நியாயம்.

ஒரு நிஜக் கேஸ். 2017 ஜனவரி 31, கிட்லேப் கம்பெனி. டேட்டாபேஸ்ல பிரச்னை. ராத்திரி நேரத்துல வேலை பாத்துட்டிருந்த ஒரு இன்ஜினியர், காப்பி சர்வர்ல அழிக்க வேண்டிய டேட்டாவை மெயின் சர்வர்ல அழிச்சுட்டார். ஓரிரு செகண்ட்ல கவனிச்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி. சுமார் 6 மணி நேர டேட்டா போயே போச்சு. நடந்ததை கம்பெனியே வெளிப்படையா எழுதுச்சு. அந்த ரிப்போர்ட்ல அவர் பேர் இல்ல, ‘டீம் மெம்பர் 1’தான்.

இப்ப வாக்கியம் எழுதிப் பாப்போம். “தி இன்ஜினியர் ஷுட் ஹேவ் செக்டு தி சர்வர் நேம்.” சரிதான், பாத்திருக்கலாம், பாத்திருக்கணும். ஆனா இந்த வாக்கியம் அதோட முடிஞ்சு போகுது. மறுநாள் என்ன செய்யறதுன்னு இதுல ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு. “தி டீம் ஷுட் ஹேவ் நோட்டீஸ்டு தட் தி பேக்கப்ஸ் வேர் ஃபெயிலிங்.” இங்கதான் குட் ஹேவ் கேள்வி வேலை செய்யுது. தினசரி பேக்கப் எடுக்கிற டூலோட வெர்ஷன் 9.2, டேட்டாபேஸ் 9.6. பொருந்தல, அதனால பேக்கப் ஓடவே இல்ல. ஃபெயில் ஆச்சுன்னு மெயில் போகணும். அந்த மெயில்கள் டிமார்க்ங்கிற செக்ல மாட்டி ரிஜெக்ட் ஆயிட்டே இருந்தது. யாருக்கும் வந்து சேரல. வராத மெயிலை யார் படிச்சிருக்க முடியும்? “தே குடன்ட் ஹேவ் நோன் ஃப்ரம் தி மெயில்ஸ்.” சரி, மெயில் வரலன்னாலும் பேக்கப்பை யாராவது டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கலாமே? அங்கயும் ரிப்போர்ட் போய் நின்ன இடம், அந்த வேலைக்குன்னு ஒரு பொறுப்பாளரே இல்லங்கிறதுதான். தனி ஆள் மேல எழுதின ஷுட் ஹேவ் இங்க நிக்காது. உருப்படியான வாக்கியம் வருங்காலத்துல இருக்கு. “ஹூ ஷுட் ஓன் தி பேக்கப்ஸ்?”

விபத்துகளை ஆராயற சிட்னி டெக்கர் ‘தி ஃபீல்டு கைடு டு அண்டர்ஸ்டாண்டிங் ஹியூமன் எரர்’ங்கிற புத்தகத்துல இதைத்தான் பேசறார். ஷுட் ஹேவ், குட் ஹேவ்னு ஆரம்பிக்கிற வாக்கியங்கள் நடக்காத ஒண்ணைப் பத்திப் பேசுது, நடந்தது ஏன் நடந்ததுன்னு சொல்றதில்ல. ஆள் மேல பழி போடாத போஸ்ட்மார்ட்டம் பத்தி எட்ஸில இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012ல எழுதினார். 2016ல வந்த கூகுளோட எஸ்ஆர்இ புத்தகத்துலயும் அதுக்கு ஒரு தனி அத்தியாயம் இருக்கு.

அதனால அடுத்த ரெட்ரோ மீட்டிங்ல “யூ ஷுட் ஹேவ் டெஸ்டட் திஸ்”னு வாய் வரைக்கும் வந்தா, “ஹவ் குட் வி ஹேவ் காட் திஸ் இயர்லியர்?”னு கேட்டுப் பாருங்க. முதல் வாக்கியத்துக்கு வர்ற பதில் “ஸாரி”. ரெண்டாவதுக்கு வர்ற பதில் ஒரு ஐடியா.

நமக்கு நாமே சொல்லும்போது

மன்னிப்பு கேக்கறப்ப மட்டும் கணக்கு தலைகீழ். “ஐ குட் ஹேவ் கால்டு யூ”ன்னா “கால் பண்ணியிருக்கலாம்.” வழி இருந்ததுன்னு மட்டும்தான் ஒத்துக்கறீங்க. எதிர்ல இருக்கிறவருக்கு அது மன்னிப்பாவே படாது. “ஐ ஷுட் ஹேவ் கால்டு யூ”ன்னா “பண்ணியிருக்கணும், அது என் கடன்.” அதுதான் மன்னிப்பு. தப்பு நம்ம மேலன்னா ஷுட் ஹேவ் போடுங்க, குட் ஹேவுக்குப் பின்னாடி ஒளியாதீங்க.

ஆனா கட்ட முடியாத கடனை சிலர் தன் மேலயே எழுதிக்குவாங்க. அப்பாவை இழந்த ஒருத்தர் “ஐ ஷுட் ஹேவ் டேக்கன் ஹிம் டு தி ஹாஸ்பிடல் இயர்லியர்”னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. இன்னும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்ங்கிறார். அதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற ஆறுதல் மூணே வார்த்தை. “குடன்ட் ஹேவ் நோன்”, முன்னாடி ஒரு ‘யூ’. நாம தோள்ல கை வெச்சுச் சொல்றது அதேதான். “உனக்கு எப்படிடா தெரியும்?” தெரிஞ்சிருக்க வழியே இல்லாதப்ப அந்தக் கடனும் இல்ல. உண்மையாவே தெரியாம இருந்தவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. சில நேரம் அந்த ஆள் நீங்களாவே இருக்கலாம்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. உங்க சென்ட் ஃபோல்டரைத் திறந்து ‘மஸ்ட் ஹேவ்’னு தேடுங்க. வர்ற ஒவ்வொரு லைனுக்கும் “ஆனா நடக்கல” டெஸ்ட் போடுங்க. எத்தனை மாட்டுதுன்னு சொல்லுங்க, சேர்ந்து சிரிக்கலாம். அடுத்த எபிசோட்ல பாப்போம்.